ஒரு கட்டம் மேலே

குமரா,

நீ வெள்ளிக்கிழமை போட்ட கடிதம் நேற்று மதியம் வந்து சேர்ந்தது. அப்பாவின் புத்தகத்தை அச்சடிக்க அடுத்த வாரம் தாள்களைப் பிளாக் எடுக்கக் கொடுக்கப் போவதாகவும், அதற்காக ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து அப்பாவின் டிரங்குப் பெட்டியையும் சுவரில் மாட்டும் பெரிய தாள்களையும் எடுத்துப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். இரண்டு வருஷமாக நீ அலைந்த அலைச்சலுக்குப் பலன் கிடைத்துவிட்டது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் கடிதத்தை மடித்து, அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். யாருக்கு ஒளித்தேன் என்று தெரியவில்லை. இந்தச் செவிலிமேட்டு வீட்டில் என்னைத் தவிர இப்போது யார் இருக்கிறார்கள்? பிறகு ஒரு இன்லண்டை எடுத்து உனக்கு எழுத உட்கார்ந்தேன். மடிக்கிற பக்கம் வரைக்கும் எழுதியும் விஷயத்துக்கு வரவில்லை. மழை பெய்தது, தண்ணீர்க் குழாய் ரிப்பேர் என்றுதான் எழுதியிருந்தேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துக் கோடு போட்ட தாளை எடுத்துக்கொண்டேன். நீ பஸ் ஏறுவதற்குள் இது உன் கையில் கிடைத்துவிட வேண்டும். நேரில் சொல்ல வந்தால் கேட்கிறவர் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திவிடுவேன். பத்து வருஷமாக அப்படித்தான் நிறுத்திக்கொண்டிருக்கிறேன்.

இந்தத் தடவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ அச்சிடப் போகிற தாள்களில் பிழை இருக்கிறது. அப்பா செய்த பிழை இல்லை. நான் செய்தது. கை தவறிச் செய்ததும் இல்லை, தெரிந்து செய்தது.

நீ அனுப்பிய முன்னுரையை மூன்று முறை படித்தேன். பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறி வீட்டில் அப்பா பிறந்தது, பன்னிரண்டு வயதில் சென்னையில் மிஷன் பள்ளிக்கூட விடுதியில் சேர்ந்தது, அங்கே பலர் சேர்ந்து பாடுவதைக் கையசைத்து நடத்தக் கற்றுக்கொண்டது, நாடகக் கம்பெனியில் வாத்தியக் குழுவை நடத்தியது, பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சொந்த ஊரிலேயே பள்ளிக்கூட இசை ஆசிரியராக வந்து உட்கார்ந்தது, எல்லாம் சரியாக எழுதியிருக்கிறாய். ஏன் திரும்பி வந்தார் என்பதை மட்டும் விட்டுவிட்டாய். எனக்குச் சொன்னதை உனக்கும் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன், சொல்லவில்லை போலிருக்கிறது. கல்யாணமான புதிதில் ஒரு நாள் காலையில் என்னைத் தெருவுக்கு அழைத்துப் போனார். தெரு நீளத்துக்கும் பாவு கட்டியிருந்தார்கள். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை பட்டு இழை. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று அதை ஒரே சமயத்தில் உயர்த்தி, ஒரே சமயத்தில் இழுத்து விட்டார்கள். "பாத்தியா, யாரும் ஒண்ணு ரெண்டு சொல்லல. யாரும் கைய ஆட்டல. எல்லாரும் ஒண்ணா மூச்சு உடறாங்க. கம்பெனியில இருவது பேர வெச்சிக்கினு அஞ்சு வருஷம் கத்தினேன், இது வரல" என்றார். இப்படிப்பட்டவர்கள் சேர்ந்து பாடினால் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் அவர் திரும்பி வந்தார். முன்னுரையில் இதைச் சேர்த்துக்கொள். இதில் நான் எதையும் திருத்தவில்லை.

அவருடைய கட்டத் தாள் முறையைப் பற்றி நீ நிறைய எழுதியிருக்கிறாய். அது எப்படி வந்தது என்று எனக்கு நினைவிருக்கிறது. தறிக்காரர்களில் பலருக்கு ஸ்வரம் எழுதிய தாளைக் கொடுத்தால் படிக்க வராது. ஆனால் புட்டாவுக்கும் பார்டருக்கும் டிசைன் போடுகிற கட்டத் தாளை எந்தப் பக்கம் திருப்பிக் கொடுத்தாலும் படிப்பார்கள். அப்பா அதே தாளை எடுத்துக்கொண்டார். குறுக்கே போகிற ஒவ்வொரு கட்டமும் தாளத்தில் ஒரு எண்ணிக்கை. கீழிருந்து மேலே பன்னிரண்டு வரிசை, பன்னிரண்டு ஸ்வர ஸ்தானம். புள்ளி மேலே ஏறினால் குரல் ஏற வேண்டும், இறங்கினால் இறங்க வேண்டும். முதல் நாள் அந்தத் தாளைச் சுவரில் மாட்டியபோது முப்பது பேரும் எழுந்து கிட்டே வந்து, சேலை டிசைனைப் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். "அட, இது படிக்கலாம்பா" என்று யாரோ சொன்னார்கள். அப்பாவின் முகத்தை நீ அன்று பார்த்திருக்க வேண்டும்.

முப்பது பேரில் ஏகாம்பரம்தான் முதல் குரல். உனக்கு அவரை நன்றாக நினைவிருக்கும். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கருட சேவை காட்டியவர். தறிகள் ஓடாத அமாவாசையன்றுதான் எல்லாருக்கும் ஓய்வு என்பதால் மாதத்துக்கு ஒரு முறை, அமாவாசை மதியம், பள்ளிக்கூடக் கொட்டகையில் பயிற்சி. அப்பா பேனா நீளத்துக்கு ஒரு தார்க்குச்சியை எடுத்துக்கொண்டு முன்னால் நிற்பார். ஊடை நூல் சுற்றுகிற அந்தக் குச்சியைத் தவிர அவர் வேறு எதையும் கையில் எடுத்ததில்லை. பாட்டை நடத்துகிறவருக்கு இங்கிலீஷில் 'கண்டக்டர்' என்று பெயர் என ஊருக்குத் தெரிந்த நாளிலிருந்து ஏகாம்பரத்துக்கு ஒரே வேடிக்கைதான். குச்சி மேலே எழுந்ததும், பஸ்ஸில் டிக்கெட் கேட்கிற மாதிரிப் பின்னாலிருந்து குரல் வரும்: "வாத்தியாரே, தாமல் ஒண்ணு!" கொட்டகை முழுக்கச் சிரிக்கும். அப்பா குச்சியை இறக்காமலே, "ஏறினா நடுவுல எறங்க முடியாது. உக்காரு" என்பார். பாட்டு அந்தச் சிரிப்பிலிருந்துதான் தொடங்கும். மூச்சு ஒன்றாவதற்கு அந்தச் சிரிப்பே போதும் என்று அப்பா ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். நீ அதைப் புத்தகத்தில் சேர்த்திருக்கிறாய், ஏகாம்பரத்தின் பெயர் இல்லாமல். உன் குற்றம் இல்லை. அப்பாவே பெயரை எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்பதுதான் இந்தக் கடிதம்.

ஏகாம்பரத்தின் அப்பா வடிவேலு. மார்கழியில் தெரு சுற்றிப் பாடுகிற கோஷ்டியில் அவர்தான் முன்னால் போவார். அப்பா ஆறு வருஷம் தெருத் தெருவாகப் போய்ப் பாட்டுகளை எழுதிக்கொண்டு வந்தாரே, அதில் பாதிக்கு மேல் வடிவேலு பாடியவை. அப்பா எதிரில் உட்கார்ந்து பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே வருவார். வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாள் என்னிடம் வரும். நான் அதைப் பெரிய தாளில், தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி, மையும் தூரிகையும் கொண்டு எழுதிக் கொடுப்பேன். மூலத் தாளை அவர் பெட்டியில் போட்டுவிடுவார், மறுபடி எடுத்துப் பார்க்கமாட்டார். "என்னுது கோழி கிளறின மாதிரி இருக்குது. உன் கை பட்டா பிழையே இருக்காது" என்பார். வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்வார். நீயும் கேட்டிருக்கிறாய்.

ஒரு நாள் சென்னையிலிருந்து இரண்டு சங்கீத வித்வான்கள் அப்பாவின் ஆராய்ச்சியைப் பார்க்க வந்தார்கள். அப்பா வடிவேலுவை வீட்டுக்கு அழைத்துப் பாடச் சொன்னார். மெட்டு சங்கராபரணத்தோடு ஒட்டிப் போகிற ஒன்று. நிஷாதம் இரண்டு வகை, சின்னது, அதற்கு ஒரு கட்டம் மேலே பெரியது. அந்த ராகத்துக்குப் பெரியதுதான். அவரும் பெரியதைத்தான் பாடிக்கொண்டு போனார். மூன்றாம் அடி முடிகிற இடத்தில் மட்டும் சின்ன நிஷாதத்தைத் தொட்டு இறங்கினார். வந்தவர்களில் ஒருவர் இன்னொருவரைப் பார்த்துச் சிரித்தார். "குரல் நல்லா இருக்கு. ராகம்தான் கைநழுவிப் போயிடுது. பாவம், முறையா கத்துக்கிட்ட பாட்டு இல்லையே" என்றார். வடிவேலுவுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. நான் காப்பித் தட்டுடன் நின்றுகொண்டிருந்தேன். அப்பாவின் காது சிவந்துவிட்டது. அவர்கள் போன பிறகு, "எங்க ஆளுங்க வழி தவறிப் பாடறவங்க இல்ல. அத நான் எழுதிக் காட்டறேன்" என்றார்.

குமரா, நான் கல்லூரியில் இசை படித்தவள். அந்த இரண்டு பேருக்கும் பாடம் சொல்லிக் கொடுத்த மாதிரியான ஆசிரியர்களிடம்தான் நானும் படித்தேன். அவர் சிரித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கம் வந்தது. அந்த நிஷாதம் விழுந்தபோது என் மனசும் சுருங்கியது. இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. மறுநாள் அந்தப் பாட்டை எழுத உட்கார்ந்தேன். மூன்றாம் அடிக் கடைசியில் அப்பா பென்சிலை அழுத்திச் சின்ன நிஷாதத்தின் வரிசையில் புள்ளி வைத்திருந்தார். அப்பா அடுத்த அறையில் தம்புராவுக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தார். எழுந்து நாலடி நடந்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. புள்ளியை ஒரு கட்டம் மேலே வைத்தேன். மை காய்கிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். காய்ந்த பிறகு அது அங்கேயே பிறந்தது மாதிரி இருந்தது. ஒரு கட்டம்தான். அடுத்த தாளில் வேறு பாட்டு, அதே மாதிரி ஓர் இடம். அதையும் மேலே வைத்தேன். அதற்குப் பிறகு யோசிக்கக்கூட இல்லை, கை தானாக மேலே போனது. அவருக்கு உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். அவர் நிரூபிக்க நினைத்ததை நான் தாளில் நிரூபித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் அந்தத் தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்து, நெசவுத் தெருவில் யாரும் இலக்கணத்தை விட்டு ஒரு ஸ்வரம் விலகவில்லை என்று நம்ப ஆரம்பித்தார். ஒவ்வொரு பாட்டையும் காதால் கேட்டு எழுதியவர்தான். ஆனால் ஆறு வருஷத்தில் கேட்டது காதில் கலைந்துபோகும். தாள் கலையாது. அப்பாவுக்குத் தாள் மேல் அப்படியொரு நம்பிக்கை.

நடந்ததைச் சொல்கிறேன். நீ அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தாய். அந்த வாரம் தென்னேரிக்கு மாமா வீட்டுக்குப் போயிருந்தாய், அதனால் உனக்குத் தெரியாது. வடிவேலு இறந்து நாலு மாதம். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு அந்தச் சென்னைக்காரர்களே வருவதாக இருந்தது. அப்பா அதே பாட்டைத் தேர்ந்தெடுத்தார். அமாவாசைப் பயிற்சி. நான் ஓரமாகத் தம்புராவுடன் உட்கார்ந்திருந்தேன். என் தாள் சுவரில். "தாமல் ஒண்ணு" ஆயிற்று, எல்லாரும் சிரித்தாயிற்று. மூன்றாம் அடி முடியும்போது மற்றக் குரல்கள் எல்லாம் மேலே போக, ஒரு குரல் கீழே இறங்கியது. அப்பா மேஜையில் குச்சியைத் தட்டினார்.

"யாரது எறங்கினது?"

"நான்தான் வாத்தியாரே" என்றார் ஏகாம்பரம்.

"தாள்ல புள்ளி எங்க இருக்குது?"

"மேல இருக்குது."

"அப்புறம் ஏன் கீழ பாடிக்கினு இருக்கே?"

"எங்க அப்பாரு இப்படித்தான் பாடுவாரு."

பின்னாலிருந்து யாரோ, "டேய் ஏகாம்பரம், ஒரு கட்டம் தப்பினா மயிலு காக்காயா பூடும்டா!" என்றார்கள். மறுபடி சிரிப்பு. ஏகாம்பரம் சிரிக்கவில்லை. அப்பா மறுபடி தொடங்கினார். மறுபடி அதே இடத்தில் அதே குரல் இறங்கியது. மூன்றாவது முறையும். விழாவுக்குப் பத்து நாள்தான் இருந்தது, அப்பாவுக்குப் படபடப்பு. அவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "உங்க அப்பாரு என் எதிர்ல உக்காந்து பாடினாரு. என் கையால புள்ளி வெச்சேன். அவரு பாடினதுதான் அங்க சுவத்துல தொங்குது. நீ மறந்துட்டே ஏகாம்பரம். சொந்த அப்பாரு பாட்டையே மறந்துட்டே."

ஏகாம்பரம் எழுந்து சுவர் வரைக்கும் போனார். அந்தக் கட்டத்தில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வரேன் வாத்தியாரே" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் அப்புறம் வரவே இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? தம்புராவை மீட்டிக்கொண்டே இருந்தேன். யாரும் பாடவில்லை, நிறுத்தலாம், ஆனால் என் விரல் நிற்கவில்லை. "அவர் சரியாத்தான் பாடினார்" என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். விழாவில் பாட்டு நன்றாக நடந்தது. சென்னைக்காரர் மேடைக்கு வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை சுத்தமாகப் பாடுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை என்றார். அப்பா அடுத்த மாதமே, நெசவுத் தெருப் பாட்டு இலக்கணம் தவறாதது என்று காட்டுகிற அந்த அத்தியாயத்தை எழுதி முடித்தார். நீ புத்தகத்துக்கே முத்தாய்ப்பு என்று சொல்கிறாயே, அந்த அத்தியாயம்.

அப்பாவிடம் ஒரே ஒரு முறை சொல்ல முயன்றேன். இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிது. டவுன் பஸ்ஸில் செவிலிமேடு வந்துகொண்டிருந்தோம். "ஏகாம்பரத்தைக் கூப்பிட்டால் என்ன?" என்று ஆரம்பித்தேன். அதிலிருந்து மெல்ல அந்தப் புள்ளிக்கு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "நான் போய்க் கூப்பிட மாட்டேன். ஆனா அவன் வந்து நின்னான்னா, ஒரு வார்த்தை கேக்காம சேத்துக்குவேன்" என்றார். இத்தனை நாளும் அவர் அதையே நினைத்துக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது. இப்போது உண்மையைச் சொன்னால் இந்த மனிதர் என்ன ஆவார் என்று பயந்தேன். நிறுத்தம் வந்தது, இறங்கினோம். இரக்கப்பட்டுச் சொல்லாமல் விட்டதாக அப்போது நினைத்துக்கொண்டேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. 'உன் கை பட்டால் பிழை இருக்காது' என்று அவர் சொல்வது நின்றுவிடுமே என்ற பயம்தான் அது.

போன மாதம் பூச்சி அரிக்கிறதா என்று பார்க்க டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். மூலத் தாள்கள் அடியில், பாவு நூலால் கட்டிக் கிடந்தன. எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பி, என் தாள்களுடன் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். பதினோரு பாட்டுகளில் நான் புள்ளியை மேலே ஏற்றியிருக்கிறேன். வடிவேலு பாடியவை மட்டும் அல்ல, வேறு தெருக்களில் வேறு ஆட்கள் பாடியவையும் உண்டு. பதினொன்றிலும் அது மூன்றாம் அடி முடிகிற இடத்தில்தான் வருகிறது. வேறு எங்கேயும் இல்லை. ஒரு ஆள் தவறினால் ஒரு இடத்தில் தவறுவார். இத்தனை பேர் ஒரே இடத்தில் எப்படித் தவறுவார்கள்? அது தவறே இல்லை. நாலாம் அடிக்குத் திரும்புவதற்கு முன்னால் அந்த இடத்தில் இறங்க வேண்டும் என்று அவர்கள் தங்களுக்குள் ஒரு முறை வைத்திருந்திருக்கிறார்கள். கல்லூரியில் எனக்குச் சொல்லிக் கொடுக்காத ஒரு முறை. அப்பா வாழ்நாள் முழுக்கத் தேடியது இதைத்தான். அதைத் தன் கையாலேயே எழுதி வைத்திருந்தார். அவர் கண்ணில் படாமல் நான் மேலே ஏற்றிவிட்டேன். அந்தத் தாள்களுக்கு நடுவில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. மாலை டியூஷனுக்கு வந்த பெண்கள் வாசலில் நின்று கூப்பிட்ட பிறகுதான் எழுந்தேன்.

போன அமாவாசையன்று அந்த முதல் பாட்டின் மூலத் தாளை எடுத்துக்கொண்டு ஏகாம்பரம் வீட்டுக்குப் போனேன். தறிமேல் துணி போர்த்தியிருந்தது. "வாங்க டீச்சரம்மா, வாத்தியாரு போனப்புறம் இந்தப் பக்கமே காணோமே" என்று அவர் மனைவி பாய் போட்டார். ஏகாம்பரத்துக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. தாளை விரித்தேன். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"இது வாத்தியாரு வெச்ச புள்ளி" என்றார்.

"எப்படித் தெரியுது?"

"பென்சில அமுத்தி வெச்சிருக்காரு பாருங்க."

விரலால் கட்டம் கட்டமாக நகர்த்திக்கொண்டு, மெல்ல முனகிக்கொண்டே வந்தார். மூன்றாம் அடிக் கடைசியில் விரல் நின்றது. முனகலும் நின்றது.

"கீழ இருக்குது."

"ஆமாண்ணா."

"சுவத்துல மேல இருந்துச்சே?"

"நான்தான் மேல வெச்சேன். அவருக்குத் தெரியாது."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி, "என்ன சொல்றாங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல. நான் மறக்கலன்னு சொல்றாங்க" என்றார் ஏகாம்பரம்.

என்னால் அங்கே உட்கார முடியவில்லை, எழவும் முடியவில்லை. ஒரு முறை பாடிக் காட்டுங்கள் என்று கேட்டேன். எப்படிக் கேட்கத் துணிந்தேனோ! அவர் பாடினார். குரல் அப்படியே இருக்கிறது. மூன்றாம் அடியில் குரல் மேலே போனது. நிறுத்திவிட்டு மறுபடி பாடினார். மறுபடியும் மேலே. தாளைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு பாடினார், அப்போதும் மேலேதான். "வர மாட்டேங்குதும்மா" என்றார். "தெருவுல பசங்கள்லாம் இப்ப நீங்க மாட்டின தாள் மாதிரிதான் பாடுதுங்க. கேட்டுக் கேட்டு என் காதும் அங்க போயிட்டுது." குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. தறியில் ஒரு கட்டை தேய்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்.

புத்தகத்தில் மாற்றிவிடுகிறேன் என்றேன். "மாத்துங்க. ஆனா எங்க தெருவுல புஸ்தகத்த யாரும்மா படிக்கப் போறாங்க? அன்னிக்கு முப்பது பேரு எதிர்ல சொன்னாரு. அவங்க எதிர்லயே ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா நல்லா இருக்கும்" என்றார். சொல்கிறேன் என்றேன். உடனே, "வாத்தியாரு பேரு கெடாம சொல்லுங்க" என்றார்.

அதை எப்படிச் சொல்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை, குமரா. அதைச் சொன்னால் அந்த அத்தியாயம் நிற்காது. அத்தியாயம் நிற்காவிட்டால், அப்பா எதையும் சரியாகக் கேட்கவில்லை என்று அந்தச் சென்னைக்காரர்கள் சொல்வார்கள். நீ எப்போதும் அப்பா பிள்ளை. நீ கோபப்படுவாய் என்று பயமாக இருக்கிறது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. "போகட்டும் அம்மா, இத்தனை வருஷம் கழித்து யாருக்குத் தெரியப் போகிறது, பிளாக்குக்கு நாள் கொடுத்தாயிற்று" என்று நீ அன்பாகச் சொல்லிவிடுவாயோ என்பது. ஏனென்றால் நீ அப்படிச் சொன்னால் நான் சரி என்றுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

நீயும் பிறர் எழுதியதைத் திருத்துகிற வேலையில் இருக்கிறாய். அச்சகத்தில் நாள் முழுக்கப் புரூஃப் பார்க்கிறாய். எழுத்துப் பிழையை நீயே திருத்து, அதற்குத்தான் உன்னை வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒருவர் சொன்னதே தவறு என்று உனக்குத் தோன்றினால், அவர் அடுத்த அறையில் இருந்தாலும் சரி, அடுத்த ஊரில் இருந்தாலும் சரி, எழுந்து போய்க் கேள். அவர் மேல் உனக்கு எவ்வளவு பிரியமோ அவ்வளவு கட்டாயமாகக் கேள். பிரியம் இல்லாதவர்களின் தாளில் நான் ஒரு புள்ளியைக்கூடத் தொட்டிருக்கமாட்டேன்.

என் தாள்களுக்குப் பிளாக் எடுக்க வேண்டாம். அப்பாவின் பென்சில் தாள்களுக்கு எடு. கோழி கிளறினது மாதிரி இருந்தாலும் இருக்கட்டும். அந்த அத்தியாயத்தை அவர் எழுதியபடியே போடு, ஒரு வார்த்தையும் வெட்டாதே. அதற்குப் பின்னால் பெயர்த்தெழுதியவள் எழுதும் குறிப்பு என்று இரண்டு பக்கம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பதினோரு பாட்டுகளையும், எந்தக் கட்டம் எங்கே இருந்தது, நான் எங்கே வைத்தேன் என்பதையும் அதில் எழுதியிருக்கிறேன். கீழே என் பெயரையும் போட்டிருக்கிறேன். வார்த்தைகளில் பிழை இருந்தால் திருத்து. விஷயத்தைத் திருத்தாதே.

வருகிற அமாவாசையன்று கொட்டகையில் எல்லாரும் கூடுகிறார்கள், புத்தக வெளியீட்டில் பாடுவதற்குப் பயிற்சி செய்ய. ஏகாம்பரமும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பாட்டுக்கு முன்னால் நான் எழுந்து சொல்லப் போகிறேன். தம்புராவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நீ லீவு போட்டுவிட்டு வா. அப்பாவின் தார்க்குச்சி வேண்டும் என்று கேட்டிருந்தாயே, அதைத் துடைத்து வைத்திருக்கிறேன். அன்று அந்தப் பாட்டை நீ நடத்து. ஆனால் மூன்றாம் அடி முடிகிற இடம் வரும்போது குச்சியைக் கீழே இறக்கிவிடு. மேலேயும் காட்டாதே, கீழேயும் காட்டாதே. சுவரிலும் தாள் மாட்டப் போவதில்லை. அவருக்கு அது திரும்ப வருமா என்று எனக்குத் தெரியாது. வராமலே போனாலும், அந்த இடத்தில் அவருக்கு யாரும் எதையும் காட்டாமல் இருக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. கிளம்பும்போது ஏகாம்பரம் தெரு வரைக்கும் கூட வந்தார். "தம்பி குச்சிய எடுத்தாருன்னா, 'தாமல் ஒண்ணு'ன்னு கேக்கலாமா டீச்சரம்மா? கோச்சிக்குவாரா?" என்றார்.

கோபித்துக்கொள்ள மாட்டான், தாராளமாகக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது. இதையும் உன்னைக் கேட்காமலே சொல்லியிருக்கிறேன்.

அம்மா